அ முதல் ஃ வரை ஒப்பிக்கிறான், ‘மரம்’ படிக்கத் தெரியவில்லை

கேள்வி, 17 ஜூன் 2023

மகனுக்கு ஐந்து வயது. அ முதல் ஃ வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். க, ங, ச வரிசையும் அப்படியே. ‘மரம்’ என்று எழுதிக் காட்டினால் திருதிருவென்று விழிக்கிறான். 247 எழுத்தையும் எழுதிப் பழகிய பிறகுதான் சொல்லுக்குப் போக வேண்டும் என்கிறார் என் அப்பா. நோட்டைக் கையில் எடுத்தாலே பையன் அழுகிறான். வீட்டில் சொல்லிக்கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

18 ஜூன் 2023

அப்பாவிடம் சண்டை போடாதீர்கள். ஆனால் அந்த 247-ஐக் கண்டு மிரளவும் வேண்டாம். உயிர் 12, மெய் 18, இரண்டும் கூடிப் பிறந்த உயிர்மெய் 216, எந்தக் கூட்டத்திலும் சேராத ஆய்தம் ஒன்று. க, கா, கி பிடிபட்டால் ப, பா, பி தானாக வந்துவிடும்.

நான் ஆசிரியர் அல்ல. மதுரையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்துபவன். என் மகளுக்கு ஐந்து வயதாக இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஆங்கில வழிப் பள்ளி. தமிழுக்கு நாங்கள்தான் பொறுப்பு.

அவளுக்கு நான் வைத்த வரிசை ப, ட, ம. மூன்றே எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் படித்துவிடலாம். புள்ளி வைத்தால் என்ன ஆகிறது என்பது முதல் நாளே விளங்கிவிடும். பிறகு ர, ல, க. மரம், பல், கல், கடல், பகல், கப்பல். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதிக் காட்டுவேன். ‘கப்பல்’ படித்த அன்று அந்தத் தாளையே கப்பலாக மடித்துக் கொடுத்தேன். அது பாத்திரம் துலக்கும் தொட்டியில் அரை மணி நேரம் மிதந்தது.

அ, ஆ ஒப்பிப்பதை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். பயனில்லை.

19 ஜூன் 2023

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால் ப, ட இரண்டும் முதலில் காலை வாரும். என் மகள் ‘படம்’ தாளைப் பார்த்ததும் “யூ, எல்” என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. உற்றுப் பாருங்கள், அப்படித்தான் இருக்கிறது. இரண்டு நாள் ஆங்கில எழுத்துப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தேன். பிறகு அவளே பிரித்துக்கொண்டாள்.

25 ஜூன் 2023

பையன் ‘மானா, ரானா, இம்’ என்று படித்துவிட்டு நிற்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். முழு நோயும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. ஆனா, ஆவன்னா, கானா, மானா எல்லாம் பெயர்கள். என் பெயரை எத்தனை முறை கூப்பிட்டாலும் என் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது அல்லவா? ‘மானா’வும் ‘ரானா’வும் பக்கத்தில் நின்றால் மரம் முளைக்காது.

புள்ளி எழுத்தில் இன்னும் சிக்கல். பள்ளியில் ‘இக், இங், இச்’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வாயில் வருவதற்கு ஓர் இகரம் துணை வேண்டும் என்பதால் வைத்த ஏற்பாடு. குழந்தைக்கு அது தெரியாது. ‘பல்’லை என் மகள் “ப, இல்... பயில்” என்றுதான் படித்தாள். பயில்! ஒரு கணம் மகிழ்ந்துகூடப் போனேன்.

நான் செய்தது: பெயரை விட்டுவிட்டு ல்ல்ல்ல் என்று இழுத்துக் காட்டினேன். ம்ம்ம்ம். ர்ர்ர்ர். இழுக்க வருகிற மெய்கள் ஐந்தாறு போதும். ‘ப’வில் தொடங்கி ‘ல்’லில் சறுக்கி இறங்கு என்றேன். சறுக்குமரம் தெரிந்த பிள்ளைக்கு இது உடனே புரியும். க், ட், ப் இழுக்க வராது. அவற்றைச் சொல்லின் நடுவே, பக்கம், பட்டம், கப்பல் என்று இரட்டித்துக் காட்டினால் அடைத்துத் திறக்கிற இடம் நாக்குக்கும் உதட்டுக்கும் தெரிந்துவிடும்.

2 ஜூலை 2023

கை எழுத்துக்கு வருவோம். படிப்பும் எழுத்தும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என் மகள் இருபது சொல் படித்த பிறகும் பென்சிலை உலக்கை மாதிரித்தான் பிடித்திருந்தாள். விரலில் வலு இல்லை, அவ்வளவுதான்.

வலு வந்தது கோலத்தில். என் அம்மா வாசலில் நேர்புள்ளி வைத்துச் சுழிக்கோலம் போடும்போது ஓரத்தில் இவளுக்கும் நாலு புள்ளி வைத்துக் கொடுப்பார். புள்ளியைச் சுற்றி வளைத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிப்பதுதான் ‘ண’வுக்கும் ‘ஞ’வுக்கும் வேண்டிய பயிற்சி. மாவு கீழே சிந்தினால் எறும்புக்கு. தாளில் பிழை விட்டால் மட்டும் ஏன் முகத்தைச் சுளிக்கிறோம்?

சிலேட்டும் வாங்கினேன். பலப்பத்தைத் தின்றுவிட்டாள். ஒரு பெட்டியில் பாதி போனதும் நிறுத்தினேன். (நானும் தின்றிருக்கிறேன். ருசி இன்னும் நினைவிருக்கிறது.) இப்போது பித்தளைத் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி அதில் விரலால்.

3 ஜூலை 2023

இடது கையால் எழுதினால் மாற்ற வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுகிறான் என்றால் அதுவும் இந்த வயதில் வழக்கம்தான். நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் திருப்பினாலும் நாற்காலியே. எழுத்துக்கு மட்டும் பக்கம் உண்டு என்பதைக் கண் பழக நாளாகும்.

16 ஜூலை 2023

ஜூன் 18 அன்று எழுதியதில் இரண்டைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒன்று, ஒப்பிப்பதால் பயனில்லை என்றது. என் மாமனார் ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர், வந்து பத்து நாள் தங்கினார். பேத்தியை ஊஞ்சலில் உட்கார வைத்து, ஆட்டத்துக்கு ஒன்றாக க, கா, கி, கீ என்று ராகம் போட்டுச் சொல்ல வைத்தார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். நான்காவது நாள் அவளாகவே கரும்பலகையில் ‘மி’யைப் பார்த்துவிட்டு, “ம, மா, மி... மி!” என்று ராகத்தில் ஏறி வந்து சரியான படியில் நின்றாள். நான் காலண்டர் தாளோடு இரண்டு வாரம் முட்டிக்கொண்டிருந்த இடம் அது. ராகம் ஏணியாக உதவுகிறது. ஏணி இருந்தும் வீடு இல்லை என்பதுதான் உங்கள் மகனின் நிலை. அவன் ஒப்பித்தது வீண் போகவில்லை.

இரண்டு, ‘தானாக வந்துவிடும்’ என்றது. வராது. கா, சா, டா தானாக வரும். கி, கீயும் ஏறக்குறைய வரும். ‘டி’ மட்டும் மேல்விலங்கை, அதாவது இகரக் குறியை, முதுகில் வாங்காமல் காலோடு சேர்த்துக்கொள்ளும். ஆனால் உகர வரிசை? அங்கே கால், கொம்பு மாதிரி பொதுக் குறியே கிடையாது. இரவு வந்து விரிவாக எழுதுகிறேன்.

16 ஜூலை 2023, இரவு

மாமனாரோடு உட்கார்ந்து பதினெட்டு உகர எழுத்தையும் எழுதிப் பார்த்தேன். இருபது ஆண்டாக எழுத்துப் பிழை பார்த்தே சோறு தின்கிறேன், இதை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை.

ஙு, சு, பு, யு, வு ஐந்தும் நேராகக் கீழே ஒரு கோடு இறக்கும். கிணற்றில் வாளி விட்ட மாதிரி.

ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் அடியில் போய் வலப்பக்கம் மேலே வளைந்து வரும். இந்த ஏழும் ஊகாரம் ஆகும்போது பக்கத்தில் ஒரு காலை ஊன்றிக்கொள்ளும்: தூ, நூ, லூ.

கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் தன் வயிற்றைச் சுற்றித் தானே ஒரு வளையம் போடும். இவற்றின் நெடிலில் டூ, மூ, ரூ, ழூ, ளூ ஐந்தும் ஒரு சுழி சுழித்துக்கொள்ள, ‘கூ’ மட்டும் யார் சாயலும் இல்லாமல் தனியாக நிற்கும்.

அதாவது மூன்று குடும்பம், ஒரு முரடன். பதினெட்டையும் க, ங, ச வரிசையில் எழுதச் சொன்னால் குழந்தைக்கு ஒவ்வொன்றும் புது வேதனை. குடும்பமாகப் பிரித்துக் கொடுத்தால் வாளிக்காரர்கள் ஒரு நாள், வாலை மேலே தூக்குகிறவர்கள் இரண்டு நாள், வயிற்றில் வளையம் போட்டவர்கள் இரண்டு நாள். பெயர்கள் மகள் வைத்தவை. ‘கூ’வுக்கு அவள் வைத்த பெயர் ‘புது மாமா’. ஏன் என்று கேட்காதீர்கள்.

அடுத்த தொல்லை கெ, கே, கை. ஒலிக்கும்போது க முதலில், எ பிறகு. எழுதும்போது கொம்பு முதலில், க பிறகு. ‘கொ’வில் முன்னும் பின்னும் இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். ‘கொம்பைப் பார்த்தால் வாயைத் திறக்காதே, பின்னால் யார் வருகிறார் என்று பார்’ என்பதே எங்கள் வீட்டு விதி. பரவாயில்லை, வேலை செய்கிறது.

6 ஆகஸ்ட் 2023

இதை எழுதாமல் விடலாம் என்றிருந்தேன்.

போன வாரம் மகள் தானாக ஒரு தாள் எடுத்து மரம் வரைந்து, பக்கத்தில் ‘எலை’ என்று எழுதி, அச்சகத்திலிருந்து நான் வந்ததும் ஓடிவந்து நீட்டினாள். யாரும் சொல்லாமல் அவள் எழுதிய முதல் சொல். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. எடுத்து ‘எ’வை அடித்து ‘இ’ போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை போய்விட்டது. ஓரத்தில் எங்கள் தொழில் குறிகூடப் போட்டிருக்கிறேன்.

எட்டு நாளாகத் தாளைத் தொடவில்லை. கேட்டால் ‘நீ எழுது’ என்கிறாள்.

மனைவி கேட்டது: “குழந்தை என்ன அச்சுக்குப் போகிற பக்கமா?”

20 ஆகஸ்ட் 2023

‘எலை’யை விட முடியவில்லை. அவள் பேச்சில் இலை எலைதான். என் பேச்சிலும் அதுவே. இங்கே யார் ‘வாழை இலை’ என்று இகரத்தை அழுத்திச் சொல்லிப் பந்தி பரிமாறுகிறார்கள்?

ஒரு வேலை செய்தேன். பழைய புரூஃப் தாளின் பின்னால், நாங்கள் வீட்டில் பேசும்போது முதல் எழுத்து மாறும் சொற்களை எழுதினேன். இலை எலையாகிறது, இடம் எடமாகிறது, விளக்கு வெளக்கு, நிறம் நெறம், குடை கொடை, புகை பொகை, உடம்பு ஒடம்பு. மாறாதவற்றை எதிரே எழுதினேன். கிளி, புலி, துணி, குருவி, குட்டை, விட்டம்.

பார்த்தீர்களா? முதலில் இகரமோ உகரமோ வந்து, நடுவில் ஒற்றை மெய் நின்று, அடுத்து அகரமோ ஐகாரமோ வந்தால், இ என்பது எ ஆகிறது, உ என்பது ஒ ஆகிறது. அடுத்து இ, உ வந்தால் மாறுவதில்லை. நடுவில் மெய் இரட்டித்தாலும் மாறுவதில்லை. பேச்சுத் தமிழ் இந்த விதியைப் பிசகாமல் கடைப்பிடிக்கிறது. மகள் கிளியை ஒருநாளும் ‘கெளி’ என்று எழுதியதில்லை. அவள் காதால் கேட்டதை எழுத்தாக்கினாள். அதைத்தானே இரண்டு மாதமாகச் சொல்லிக்கொடுத்தேன்? செய்து காட்டியதும் சிவப்பு மை அடித்தேன்.

21 ஆகஸ்ட் 2023

“அப்படியே விட்டால் பிழை பழகிவிடாதா, புரூஃப் பார்ப்பவரே இப்படிச் சொல்லலாமா” என்று கேட்டவருக்கு:

நியாயமான பயம். எனக்கும் உண்டு. என் பதில் பாதிதான் உறுதியானது. ‘எலை’ எழுதுகிற குழந்தை புத்தகத்தில் ‘இலை’யை இருபது முறை பார்த்தால், பேசும்போது எ, எழுதும்போது இ என்று தானே ஏற்பாடு செய்துகொள்ளும் என்று நினைக்கிறேன். நாம் எல்லோரும் அப்படித்தான் செய்திருக்கிறோம்.

காது உதவாத பிழைகள் வேறு. ன, ண; ல, ள, ழ; ர, ற. மதுரையில் எங்கள் வீட்டில் ழகரம் விருந்தாளி மாதிரி. பழம் ‘பளம்’தான். குழந்தையிடம் ‘காதால் கேட்டு எழுது’ என்றால் அவள் எங்கே கேட்பாள்? மரம், மறம் இரண்டையும் பிரித்து ஒலிப்பவர் எங்கள் தெருவில் மாமனார் வந்தால் ஒருவர், போனால் யாரும் இல்லை. இந்தப் பிழைகளைக் கண்தான் திருத்த வேண்டும், அதற்கு வழி வாசிப்பு. சிவப்புப் பேனா அச்சகத்திலேயே இருக்கட்டும். இரண்டு நாளாக அங்கேதான் வைத்துவிட்டு வருகிறேன்.

3 செப்டம்பர் 2023

எழுத ஆரம்பித்துவிட்டாள். குளிர்சாதனப் பெட்டியில் ‘தெரக்காதே’ என்று ஒட்டியிருக்கிறது. உள்ளே அவளுடைய மாம்பழத் துண்டு. இகர உகர விதியும் சரி, ரகரப் பிழையும் சரி, எல்லாம் பொருந்தி வந்திருக்கிறது. வாயைத் திறக்கவில்லை. பெட்டியையும் திறக்கவில்லை.

17 செப்டம்பர் 2023

கதை வாசித்துக் காட்டுவது பற்றி. புத்தகம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்றவருக்கு: பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் அரசுப் பள்ளி. 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பயிற்சி நூல் வைத்திருக்கிறான். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. இரவல் வாங்கிப் பாருங்கள், மோசமில்லை.

நான் செய்த பிழை வேறு. புத்தகத்தில் ‘யானை ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தது’ என்று இருக்கும். நான் அதை நாங்கள் பேசுகிற மாதிரி மாற்றி, சுருக்கிச் சொல்லிவிடுவேன், விரல் மட்டும் வரியில் ஓடும். ஒருநாள் பிடித்துவிட்டாள். “நீ சொல்வது குட்டியாக இருக்கிறது, இங்கே சொல் நீளமாக இருக்கிறது.” அன்றிலிருந்து அச்சில் இருப்பதை அப்படியே வாசிக்கிறேன். முதல் இரவு அவள் கேட்டது: “இந்த யானை ஏன் செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசுகிறது?”

பதில் தெரியவில்லை. புத்தகத்துக்குள் போனால் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் என்றேன். ஏற்றுக்கொண்டாள். இப்போது பொம்மைகளுக்குக் கதை சொல்லும்போது ‘வந்துகொண்டிருந்தது’ என்று நீட்டி முழக்குகிறாள். அம்மாவிடம் சோறு கேட்கும்போது பழையபடி பேசுகிறாள். இரண்டு செருப்பு மாதிரி, வாசலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.

25 அக்டோபர் 2023

நேற்று விஜயதசமி. சுற்றி எத்தனையோ பேர் பிள்ளையை மடியில் வைத்து அரிசியில் விரல் பிடித்து எழுதினார்கள். போன ஆண்டு நாங்களும் கூத்தனூர் சரஸ்வதி கோயில் வரை போய் வந்தோம். அன்று அவள் கையைப் பிடித்து நான்தான் ‘அ’ எழுதினேன், அவள் அரிசியை வாரி வாயில் போட்டாள். பலப்பத்துக்கு அப்போதே அறிகுறி.

உங்கள் பையன் ‘பால் பாக்கெட்’ படித்துவிட்டான் என்று எழுதியிருந்தது. முதல் ‘ப’வும் ‘பஸ்’ஸின் ‘ப’வும் ஒன்றா என்று கேட்டானா? கேட்பான். தயாராக இருங்கள். பல், பஸ், குடம், குண்டு. தெரிந்த சொல்லாக இருந்தால் ஒலி தானாக வந்து உட்காரும். அதனால்தான் தெரியாத சொல்லை ஆரம்பத்தில் வைக்காதே என்கிறேன்.

19 நவம்பர் 2023

பஸ் பலகைகள் தொடங்கிவிட்டன. ‘பெரியார்’ இரண்டாவது நாளே. ‘ஆரப்பாளையம்’ ஒரு வாரம். ‘திருப்பரங்குன்றம்’ படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. ‘மாட்டுத்தாவணி’யை முழுதாகப் படித்த அன்று, நிறுத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். மாட்டுக்கு யார் தாவணி கட்டிவிட்டது? தாவணி என்றால் மாட்டுச் சந்தை என்றும் ஒரு பொருள் இருக்கிறது என்று விளக்கினேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பாவாடை தாவணி கட்டிய மாடு ஒன்று இப்போது எங்கள் சுவரில் இருக்கிறது.

21 ஜனவரி 2024

பொங்கலுக்கு மாமனார் பழைய கடிதக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ‘யானை’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மகள் கத்தினாள். “தாத்தா எழுத்தில் தும்பிக்கை!”

உண்மைதான். ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்பு எழுத்தின் தலையிலிருந்தே ஒரு வளைவு தும்பிக்கை மாதிரி கிளம்பும். பெரியார் 1935 முதல் குடிஅரசு இதழில் சீர்திருத்திய எழுத்தைக் கையாண்டார். 1978-ல் தமிழக அரசு ஆணை வந்து, ணா, றா, னா வகையோடு சேர்த்து மொத்தம் பதின்மூன்று எழுத்துகள் மாறின. மாமனார் வகுப்பில் புது எழுத்தும் கடிதத்தில் பழைய எழுத்துமாகக் காலம் தள்ளியிருக்கிறார். எங்கள் எழுத்துருவில் அந்தத் தும்பிக்கை வராது, அதனால் இங்கே தட்டச்சிட்டுக் காட்ட முடியவில்லை.

மகளின் முடிவு வேறு. விலங்குகளுக்குத் தும்பிக்கை உண்டு, மற்றவற்றுக்குக் கிடையாது.

11 பிப்ரவரி 2024

தாத்தாவுக்குக் கடிதம் எழுதினாள். முழுதும் தானே. ‘பூனை வந்தது. தவளை வந்தது. கழுதை வரவில்லை.’ பூனைக்கும் தவளைக்கும் தும்பிக்கை, அது பழைய முறைப்படி சரி. கழுதைக்கும் போட்டிருக்கிறாள், ‘தை’க்கு எந்தக் காலத்திலும் கிடையாது. ‘வரவில்லை’க்குப் போடவில்லை, அங்கே போட வேண்டும். நான் எதையும் தொடாமல் உறையில் போட்டு அனுப்பினேன்.

25 பிப்ரவரி 2024

தாத்தா விடவில்லை. கழுதையின் தும்பிக்கையை அடித்துவிட்டு, ‘வரவில்லை’யில் ஒன்றை அழகாக வரைந்து திருப்பி அனுப்பியிருக்கிறார். நீல மை. மகள் போன் போட்டுக் கேட்டதற்கு, கழுதைக்கு ஏது தும்பிக்கை என்று சொல்லியிருக்கிறார். அது சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டாள். ‘வரவில்லை’க்கு மட்டும் எப்படி வந்தது என்று காலையிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.